பவுனாம்பாள் சேலை கட்டின சோளக்காடு

எங்க தொட்டிப்பாடியில மக்காச்சோளம் சிக்கனம் பழகிக்கிட்ட அந்த வருசம், விதைப் பை விலை ஏறியிருந்துச்சு, உர மூட்டை விலை ஏறியிருந்துச்சு, டிராக்டர் வாடகை ஏறியிருந்துச்சு, களை எடுக்கிற கூலி ஏறியிருந்துச்சு, குருத்துக்குள்ள குடியிருக்கிற படைப்புழுவுக்கு ஒரு தடவை அடிச்ச மருந்தை மூணு தடவை அடிக்க வேண்டியிருந்துச்சு, ஏறாம உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்திருந்தது சோளத்தோட விலை ஒண்ணுதான். போட்டதையும் எடுத்ததையும் கழிச்சுப் பார்த்தா மிஞ்சுறது முதுகுவலிதான். அப்படியும் புரட்டாசி பிறந்துட்டா எங்க ஆம்பளைங்களுக்குக் கை சும்மா இருக்காது. விதைச்சாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வரும்.

நான் நீலாவதி, செல்லமுத்து பொண்டாட்டி, அந்த வீட்டுக்குச் சின்ன மருமக. என்னைச் செலவாளின்னு ஊர் சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும், எவன் மடியிலயும் கைவிட்டு நான் செலவு பண்ணலை. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் கலியபெருமாள், அவரு பொண்டாட்டி பவுனாம்பாள், எனக்கு ஓரகத்தி, நான் அக்கான்னு கூப்பிடுவேன். எங்க ரெண்டு பேரு காடும் பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை அடிவாரத்துல ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கு.

பவுனாம்பாக்கா சிக்கனத்தை நான் எங்க இருந்து சொல்றது. போட்ட டீத்தூளை மறுபடியும் கொதிக்க வச்சு, அப்புறமும் அதைத் தூக்கிப் போட மனசு வராம முகர்ந்து பார்க்கும். சோப்பு நகம் அளவுக்குக் கரைஞ்சதும் புதுச் சோப்போட முதுகுல ஒட்டிவிட்டு, அந்தப் புதுச் சோப்பைப் பாதியா அறுத்து ஒரு பாதியைப் பரண்ல வைக்கும். விருந்தாளி வந்தா ஃபேன் போடும், அவங்க எழுந்து செருப்பைத் தேடுறதுக்குள்ள நிறுத்திரும். ஆனா ஒண்ணு சொல்லணும், எங்க மாமியா படுத்த படுக்கையா கிடந்தப்ப அக்கா தான் சாப்பிடாம மிச்சம் பிடிச்சுப் பால் வாங்கிக் கொடுத்துச்சு. தனக்குன்னு வர்றப்பத்தான் அந்தக் கை மூடிக்கும்.

மலையில இருந்து காட்டுப்பன்னி இறங்குற ஊரு எங்க ஊரு. பன்னிக்குப் பயந்து காட்டைச் சுத்திலும் கம்பு ஊணிப் பழைய சேலையைக் கட்டிவிடுவோம், பன்னி அதைப் பார்த்து ஆளு நிக்குதுன்னு நினைச்சுத் திரும்பிப் போயிரும். பஸ்ஸுல போறவங்க பார்த்தா ஊர்ப் பொம்பளைங்க மொத்தமும் காட்டைச் சுத்திக் கைகோத்து நிக்கிற மாதிரி இருக்கும். வருசா வருசம் திருச்சியில இருந்து ஒருத்தர் வண்டியில பழைய சேலை மூட்டை கொண்டாந்து எடைபோட்டு விப்பாரு, அந்த வருசம் அவரும் விலையை ஏத்திட்டாரு. கிழிஞ்ச சேலைக்கா இந்த விலைன்னு அக்கா அவருகிட்ட மத்தியானம் வரைக்கும் வாதாடிப் பார்த்துட்டு, கடைசியில வீட்டுக்குள்ள போயி, டிரங்குப் பெட்டியைத் திறந்து, மாத்திக் கட்ட ரெண்டு சேலையை மட்டும் நிறுத்திக்கிட்டு, மிச்சமிருந்த எல்லாத்தையும் அள்ளிக் கொண்டாந்து வேலியில கட்டிருச்சு. அக்கா கட்டினதைப் பார்த்துட்டு நானும் என் பழைய சேலைகளைக் கட்டினேன். எனக்கா சேலைக்குப் பஞ்சம்.

விதைச்சு முளைச்சு முழங்கால் உயரம் வந்தப்ப கலியபெருமாள் மாமா யூரியா போட்டாரு. மறுநாள் காலையில போய்ப் பார்த்தா போட்டதுல பாதி, வரப்பு மேல சின்னச் சின்னக் குவியலா, வெள்ளை வெளேர்னு, மண்ணு ஒட்டாம, ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு குவியலா இருந்துச்சு. மாமா அதைச் சாக்குல அள்ளி வீட்டுக்குக் கொண்டாந்து இறக்கினாரு. அக்கா ஒரு கை எடுத்துப் பார்த்துட்டு, "வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கு. நல்ல பயிரு" ன்னு சொல்லிச் சாக்கு வாயைக் கட்டி வச்சிருச்சு. தண்ணி பாய்ச்சினா அந்தக் காடு பாதி வாய்க்காலைக் குடிச்சிட்டு மிச்சத்தை வரப்பைத் தாண்டி எங்க பக்கம் தள்ளிவிட்டுச்சு, வெயில் ஏறினா இலையைச் சுருட்டி மடக்கி இடுப்புல செருகிக்கிட்டு நின்னுச்சு, படைப்புழு வந்து குருத்தைப் பிரிச்சுப் பார்த்துட்டு இங்க ஒண்ணும் தேறாதுன்னு அடுத்த காட்டுக்குப் போயிருச்சு.

அடுத்த காடு எதுன்னு கேக்குறீங்களா, என் காடுதான். என் சேலை கட்டின சோளம் அக்கா காடு தள்ளிவிட்ட தண்ணியையும் குடிச்சு, எங்க தண்ணியையும் குடிச்சு, இன்னும் எங்கேன்னு கேட்டுச்சு. காலையில மோட்டார் ஓடுற சத்தம் கேக்கலைன்னா பத்து மணிக்கெல்லாம் இலையைத் தொங்கப் போட்டு, அடிபட்ட பிள்ளை மாதிரி மூஞ்சியை வச்சுக்கும். எல்லார் காட்டுக்கும் முன்னாடி கொண்டை விட்டு ஆட்டிக் காட்டுச்சு. ரோட்டுல போறவங்க நின்னு பார்த்தா ஒரு சாண் கூட வளரும், பார்க்காமப் போனா அன்னைக்கு முழுக்க வளராது. என் வீட்டுக்காரரு வரப்புல நின்னு காட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாரு. பயிருன்னா அப்படித்தான் இருக்கணும்னு எனக்குத் தோணுச்சு.

தையில கதிர் ஒடிச்சாங்க. கலியபெருமாள் மாமாவுக்கு விளைச்சல் எப்பவும் போலத்தான், ஆனா செலவு பாதி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. வரப்புல அள்ளின யூரியாவைச் சாக்கோட உரக்கடைக்குத் தூக்கிட்டுப் போயி, "பிரிச்ச மூட்டைதான், ஆனா பயிரு தொடலை, காசைக் கொடு" ன்னு கடைக்காரரு கோவிந்தராசுகிட்ட கேட்டாரு. கோவிந்தராசு லேசுப்பட்ட ஆளு இல்லை. காசைக் கொடுத்துட்டு, கடையைச் சாத்திட்டு, மாமாவுக்கே தெரியாம காட்டைச் சுத்தி வந்து, சேலையைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வேலியில எவ சேலையோ அவ குணம்தான் பயிருக்குங்கிற விசயத்தைச் சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சிட்டாரு.

அதுக்கப்புறம் யாரும் இதை அதிசயம்னு பேசலை, எந்த ரகம் எப்படின்னுதான் பேசினாங்க. சேலை மூட்டை விலைக்குப் பயந்து அந்தப் போகத்துல எவளெவ சேலை எந்தெந்தக் காட்டுல இருந்துச்சுன்னு ஊரே உட்கார்ந்து யோசிச்சுப் பார்த்தப்ப எல்லாம் சரியா இருந்துச்சு. டீச்சர் சேலை கட்டின காட்டுல சோளம் உயரவாரியா வரிசையில நின்னுச்சு, ஆனா ஞாயித்துக்கிழமை வளரலை. சண்டைக்காரி அஞ்சலை சேலை கட்டின காடு வரப்பைத் தாண்டிச் சாய்ஞ்சு பக்கத்துக் காட்டோட முட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. சாமியாடுற ராசாத்தி சேலை கட்டின காடு செவ்வாய் வெள்ளி உச்சிப்பொழுதுல காத்தே இல்லாம ஆடி ஓய்ஞ்சு, எலுமிச்சம்பழம் கொடுத்தாத்தான் நிமிர்ந்துச்சாம். செலவு ஏறிக் கிடக்கிற காலத்துக்கு எந்த ரகம் தோதுன்னு யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரே கலியபெருமாள் மாமா வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு.

வேலியில கட்டியிருந்த அக்கா சேலையெல்லாம் கோவிந்தராசு மொத்தமா வாங்கி, முழம் முழமா கிழிச்சு, கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு வித்தாரு. மொத வாரம் முழம் நூறு ரூவா, அப்புறம் இருநூறு, பங்குனிக் கடைசியில ஒரு முழம் சேலை ஒரு உர மூட்டை விலைக்கு வந்து நின்னுச்சு. வேளாண்மை ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு ஸ்கூட்டியில வந்து, ஏக்கருக்கு எத்தனை முழம், விதைக்கும்போதா, மேலுரத்தோடயான்னு விசாரிச்சிட்டு, போகையில தன் வீட்டு மாடித் தோட்டத்துக்குன்னு அரை முழம் வாங்கிட்டுப் போச்சு. ஆக, செலவைக் குறைக்க வந்த சேலையும் ஒரு செலவா வந்து உட்கார்ந்துக்கிச்சு. அதை நான் சொன்னப்ப, வயித்தெரிச்சல்ல பேசுறான்னாங்க.

சேலை தீர்ந்து போச்சு. அக்காகிட்ட இருந்தது ரெண்டு, அதையும் மாமா வித்துருவாருபோல இருந்துச்சு. அப்பத்தான் கோவிந்தராசு அந்த யோசனையைச் சொன்னாரு: ஆளுக்கொரு சேலை கொண்டாந்து கொடுங்க, பவுனாம்பா கட்டிப் பழக்கிக் கொடுக்கட்டும்.

அந்தச் சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும் நடந்ததை நீங்க பார்த்திருக்கணும். விடிஞ்சா வாசல்ல பொம்பளைங்க சேலையும் கையுமா நிப்பாங்க. மாமா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முறை வச்சுக் காசு வாங்குவாரு. அக்கா காலையில ஒருத்தி சேலையைக் கட்டிக்கிட்டு அதோடயே சமைச்சு, அதோடயே மாட்டைக் கட்டி, அதோடயே படுத்து எழுந்து, மறுநாள் அவிழ்த்துக் கொடுத்துட்டு அடுத்தவ சேலையைக் கட்டும். பச்சை, சிவப்பு, ஊதா, பூப் போட்டது, கட்டம் போட்டது, ஜரிகை வச்சதுன்னு தினம் ஒரு சேலை, எல்லாம் புதுச் சேலை, ஒண்ணுகூட அக்காவோடது இல்லை. கட்டுற சேலை எல்லாம் எவனோ ஒருத்தன் காட்டு வேலி.

அதோட விட்டாங்களா. அக்கா மேல ஊரே கண்ணு வச்சுது. பழக்கத்துல இருக்கிற சேலை கெட்டுப் போயிரக் கூடாதுல்ல. டீக்கடையில நின்னு அக்கா ஒரு வடை வாங்கினா அன்னைக்குச் சேலை கொடுத்தவ தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்துருவா. பஸ்ஸுல ஏறினா, "ஏன் தாயி, நடந்து போனா ஆகாதா?" ன்னு கண்டக்டரே கேப்பான், அவனுக்கும் ரெண்டு ஏக்கர் இருந்துச்சு. ஒரு நாள் அக்கா கறிவேப்பிலைக்காரிகிட்ட பேரம் பேசாம காசைக் கொடுத்துட்டுதுன்னு அன்னைக்குக் கட்டின சேலையைத் தண்ணியில முக்கிப் பிழிஞ்சு மறுபடியும் கட்ட வச்சாங்க. அக்கா ஈரச் சேலையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு.

அந்த ஆவணியில ஒரு மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் கிணத்து மேட்டுல உட்கார்ந்து கடலை உரிச்சோம். அக்கா அன்னைக்குக் கட்டியிருந்தது அஞ்சலையோட மஞ்சள் சேலை. உரிச்ச கடலையை மடியில போட்டுக்கிட்டே மெதுவா சொல்லுச்சு.

"நீலா, பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு சேலைக் கடை இருக்குல்ல. அதுல கண்ணாடிக்குள்ள ஒரு பொம்மைக்குக் கட்டியிருந்தான். கத்திரிப்பூக் கலரு. மாம்பழக் கலர்ல கரை. நான் அப்படியே நின்னுட்டேன்."

"எடுக்க வேண்டியதுதானக்கா."

"நான் ஒரு சேலை எடுத்ததே இல்லையே நீலா. கல்யாணத்துக்கு அவங்க எடுத்தாங்க. வளைகாப்புக்கு எங்க அண்ணன் எடுத்தாரு. அப்புறம் காதுகுத்து, கருமாதி, யாராவது வச்சுக் கொடுத்தது. இது வேணும், இந்தக் கலரு வேணும்னு நான் வாயைத் திறந்து கேட்டதில்லை."

"மாமாகிட்டக் கேளுங்க. இப்பத்தான் காசு இருக்குல்ல."

"கேட்டா ஊருல எல்லாரு பயிரும் கெட்டுரும்னு சொல்றாங்களே. ஊரு சோத்துல மண்ணள்ளிப் போட்டவன்னு பேரு வந்துரும்." அப்புறம் அக்கா கடலையை எண்ணிப் பார்க்கிற மாதிரி குனிஞ்சுக்கிச்சு. அழுதுச்சான்னு எனக்குத் தெரியலை. நான் அழுதேன், எனக்கென்ன வெக்கம்.

புரட்டாசியில ஊர் முழுக்க விதைச்சாங்க. எந்தப் பக்கம் பார்த்தாலும் அக்கா கட்டிப் பழக்கின சேலைங்க காத்துல ஆடுச்சு. யூரியா போட்டவனுக்குப் பாதி திரும்பி வந்துச்சு, அப்புறம் யாரும் யூரியாவே போடலை. தண்ணி விட்டவனுக்குப் பாதி திரும்பி வந்துச்சு, அப்புறம் தண்ணியும் விடலை. "கேக்காததுக்கு எதுக்குக் கொடுக்கணும்?" ன்னு எங்க ஊர்த் தலைவர் வேலாயுதம் சொன்னாரு, எல்லாரும் அதையே சொன்னாங்க. தண்ணி விட்டா பழக்கம் கெட்டுப் போயிரும்னு கோவிந்தராசு வேற சொல்லி வச்சிட்டாரு. ஆம்பளைங்க ஆலமரத்தடியில சீட்டு விளையாடினாங்க. மோட்டார் ரூம் பூட்டுல துரு ஏறுச்சு.

ஐப்பசி மழை ஏமாத்திருச்சு. கார்த்திகையில சோளம் கொண்டை விட்ட நேரத்துல வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லை. கிணத்துலயும் போர்லயும் தண்ணி கிடந்துச்சு, யாரும் தொடாத தண்ணி. என் காடு மட்டும், நான் என் சேலையைத்தான் கட்டியிருந்தேன், நாலு ஊருக்குக் கேக்கிற மாதிரி தொங்கி, வாடி, கூப்பாடு போட்டுச்சு, என் வீட்டுக்காரரும் திட்டிக்கிட்டே தண்ணி பாய்ச்சினாரு. மத்த காடெல்லாம் இலையை மடக்கிச் செருகிக்கிட்டு, நேரா, பச்சையா, ஒரு வார்த்தை பேசாம நின்னுச்சுங்க. எனக்குச் சந்தேகம் வந்து, வரப்பைத் தாண்டிப் போயி, அக்கா காட்டுல ஒரு கதிரை ஒடிச்சு உரிச்சுப் பார்த்தேன். தோகைக்குள்ள தோகை, அதுக்குள்ள தோகை, கடைசியில வெறும் கட்டை. ஒரு மணி பால் பிடிக்கலை.

கதிரை எடுத்துக்கிட்டுப் போயி ஆலமரத்தடியில காட்டினேன். வேலாயுதம் சீட்டுல இருந்து தலையைத் தூக்காம, "சிக்கனமா வச்சிருக்கும்மா. ஒடிக்கிற நேரத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும்" ன்னாரு. செலவாளிக்கு என்ன தெரியும்னு ஒருத்தன் பின்னாடி முனகினான். நான் அந்தக் கதிரை அக்காகிட்டக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அந்த வெறும் கட்டையை விரலால தடவிப் பார்த்துச்சு.

"இதுக்குத் தண்ணி வேணாம்னு யாரு சொன்னா?" ன்னு கேட்டுச்சு.

"அது கேக்கலையாம்."

"கேக்கலை. வேணாம்னு சொல்லலையே" ன்னுச்சு அக்கா.

மறுநாள் காலையில தண்ணி டேங்க் பக்கத்துல ஊர்க்கூட்டம். பயிரைப் பத்தின கூட்டம் இல்லை, அக்காவைப் பத்தினது. பேங்குக்குப் போன அக்கா சேலைக் கடைக் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நின்னதைக் கண்டக்டர் பார்த்து ஊர் முழுக்கச் சொல்லிட்டான். வேலாயுதம்தான் பேச ஆரம்பிச்சாரு.

"தாயி, உன்னைச் சேலை எடுக்க வேணாம்னு யாரும் சொல்லலை. முந்நூறு ஏக்கரு நிக்குது. தை பிறந்து கதிரு களத்துக்கு வந்துரட்டும்."

"வந்ததும் அடுத்த வருசத்துக்குச் சேலை பழக்கணும்," ன்னாரு கோவிந்தராசு.

"அதுக்கு அப்புறம்?" ன்னு நான் கேட்டேன்.

"அதுக்கு அப்புறம் விதைப்பு வந்துரும்ல," ன்னாரு அவரு, கொஞ்சம்கூடக் கூசாம.

கலியபெருமாள் மாமா எழுந்திரிச்சாரு. அவரு மோசமான மனுசன் இல்லை, அதையும் சொல்லிடறேன், நாலு காசு பார்த்ததுல கொஞ்சம் தலை சுத்திப் போயிருந்துச்சு. "இதுக்கு எதுக்குக் கூட்டம்? அவ ஆசைப்பட மாட்டா. தினம் ஒரு சேலை கட்டுறா, இந்த ஊர்ல எவளுக்கு அந்தக் கொடுப்பினை? இத்தனை வருசத்துல எங்கிட்ட இது வேணும்னு ஒரு நாள் கேட்டிருக்காளா, அவளையே கேளுங்க."

எல்லாரும் அக்கா பக்கம் திரும்பினாங்க. அக்கா எழுந்திரிச்சு நின்னுச்சு. முந்தானையை இழுத்துச் செருகிக்கிச்சு. வாய் ரெண்டு தடவை திறந்து மூடுச்சு. கேக்குற வார்த்தை அந்த வாயில இருந்து வந்து பழக்கமே இல்லை.

"எனக்கு ஒரு சேலை வேணும்," ன்னுச்சு. மாமா பக்கம் திரும்பி மறுபடியும் சொல்லுச்சு. "இந்தாங்க, உங்களைத்தான். எனக்கு ஒரு சேலை வேணும். கத்திரிப்பூக் கலர்ல. நானே கடைக்குப் போகணும், நானே எடுக்கணும். இன்னைக்கே வேணும்."

மொதல்ல மழை வருதுன்னுதான் நினைச்சோம். வடக்கு மூலையில இருந்து ஒரு சத்தம் கிளம்பி, சரசரன்னு ஊரைச் சுத்தி வந்துச்சு. பார்த்தா முந்நூறு ஏக்கர் சோளமும் இத்தனை நாளா மடக்கிச் செருகி வச்சிருந்த இலையை அவிழ்த்து, மொத்தமா, ஒரே நேரத்துல தொங்கப் போட்டுச்சு. அப்படி ஒரு வாட்டத்தை நான் என் காட்டுல கூடப் பார்த்ததில்லை. என் சோளம் வெக்கப்பட்டு நிமிர்ந்து நின்னுச்சுன்னா பார்த்துக்கங்க. தண்ணி கேட்டுச்சு, உரம் கேட்டுச்சு, களை எடுக்கச் சொல்லிக் கேட்டுச்சு, விட்டுப் போன ரெண்டு மாசத்தையும் சேர்த்துக் கேட்டுச்சு. காடு கேக்குறது ஆலமரத்தடியில இருந்த செவிட்டுக் கோவாலுக்கே கேட்டு, சீட்டைக் கீழ போட்டுட்டு எழுந்தான்.

கூட்டம் எங்க போச்சுன்னு தெரியலை. ஒருத்தன் மோட்டார் ரூம் பூட்டைக் கல்லால உடைக்கிறான், ஒருத்தன் கரண்டு மூணு பேஸும் இருக்கான்னு போன் போட்டுக் கேக்குறான், டீசல் என்ஜின் வச்சிருக்கவன் வாடகையை நின்ன இடத்துலயே ஏத்துறான், கோவிந்தராசு கடை ஷட்டரைத் தூக்க முடியாம அவரு மச்சானைக் கூப்பிடுறாரு, பத்து பேரு அவருக்கு முன்னாடியே சாக்கோட நிக்கிறாங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வேலாயுதம் ஓடினதை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை, அந்த ஒரு வாரத்துல ஊரு மிச்சம் பிடிச்சது எல்லாம் கரைஞ்சு தண்ணியாவும் உரமாவும் காட்டுக்குள்ள போச்சு. ஆனா கதிர் பால் பிடிச்சுது. தையில வீட்டுக்கு வீடு சோளம் வந்துச்சு, செலவு போக மிஞ்சினது கொஞ்சம்தான், ஆனா வெறும் கட்டையை ஒடிச்சிருந்தா அந்தக் கொஞ்சமும் கிடையாது. அதை எங்க அக்காகிட்ட வந்து யாரும் சொல்லலை, நான்தான் ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிக் காட்டினேன்.

அன்னைக்கு மாமாவும் ஓடத்தான் பார்த்தாரு. நாலு எட்டு வச்சிட்டுத் திரும்பினாரு. அக்கா பஸ் நிறுத்தத்துப் பக்கமா நடந்துக்கிட்டிருந்துச்சு, கையில காசுப்பை.

"பவுனு, காடு வாடுது புள்ள."

"பார்த்தேன். தம்பிகிட்டச் சாவியைக் கொடுங்க, மோட்டாரைப் போட்டு விடுவாரு. அதுக்குக் கேக்கத் தெரிஞ்சிருச்சு, இனிமே கேட்டு வாங்கிக்கும்."

"நான் போயி ஒரு எட்டு பார்த்துட்டு..."

"நீங்களும் வரணும்," ன்னுச்சு அக்கா. ஒரு காலையில ரெண்டாவது தடவையா கேட்டுச்சு.

மாமா சாவியை என் வீட்டுக்காரருகிட்டத் தூக்கிப் போட்டுட்டுப் பஸ்ஸுல ஏறினாரு. நானும் ஏறினேன், சேலைக் கடைன்னா நான் வராம இருப்பேனா. கண்டக்டர் நடக்கச் சொல்லாம மூணு டிக்கெட்டைக் கிழிச்சான்.

கடையில ஜமுக்காளத்துல உட்கார வச்சு, சேலை எடுத்துப் போடுற பையன் வழக்கம்போலக் கேட்டான், "என்ன விலையில பார்க்கலாம்மா?"

மாமா வாயைத் திறந்தாரு. அக்கா முந்திக்கிச்சு. "விலையை அப்புறம் பேசலாம் தம்பி. மொதல்ல சேலையை எடுத்துப் போடு."

கண்ணாடிப் பொம்மை கட்டியிருந்த அந்தச் சேலை வித்துப் போயிருந்துச்சு. அக்கா அசரலை. கத்திரிப்பூக் கலர்ல என்னென்ன இருக்கோ அத்தனையும் வேணும்னு கேட்டுச்சு. பையன் எடுத்து எடுத்துப் பிரிச்சான், கத்திரிப்பூவுல இத்தனை கத்திரிப்பூ இருக்குன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். ஒண்ணொண்ணையும் தோள்ல போட்டுக் கண்ணாடியில பார்த்து, இது வேணாம், இது வேணாம்னு அக்கா தள்ளிக்கிட்டே இருந்துச்சு. வேணாம்னு சொல்றதுல அந்த முகத்துக்கு அப்படி ஒரு சந்தோசம்.

மாமா போனு அடிச்சுது. காட்டுல இருந்து என் வீட்டுக்காரரு, மோட்டார் என்னவோ மக்கர் பண்ணுதாம். அப்புறம் வேலாயுதம். அப்புறம் மறுபடியும் என் வீட்டுக்காரரு. மாமா போனைப் பார்த்தாரு, தோள்ல சேலையோட கண்ணாடி முன்னாடி நிக்கிற அக்காவைப் பார்த்தாரு, போனை அணைச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

"தம்பி," ன்னாரு, "அந்த மேல் தட்டுல இருக்குதே, அதையும் எடு. அவங்க இன்னும் பார்க்கலை."